மணி நாக்கும் எருமைத் தோலும்

மஞ்சக்குட்டையில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு எதிரே ஒரு பலாமரம். அதன் கிளையில் மூன்றடி நீளத் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் எங்களுக்கு மணி. விடியக் கருக்கலில் ஒரு தடவை அடித்தால் அடுப்பு மூட்டணும். இரண்டாவது தடவை அடித்தால் மஸ்டருக்கு ஓடணும். மேஸ்திரி பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அரை நாள் கூலி போச்சு. மழை, பனி, பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவும் அந்த இரும்புக்குத் தெரியாது. எங்க அம்மா அதை மணி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எமன் கூப்பிடறான், எந்திரிங்க" என்பாள்.

அந்த இரும்பை இருபது வருசத்துக்கு மேல் அடித்தவர் எங்க தாத்தா.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்த கதை ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் கொண்டுவந்து வைத்தார் என்பார்கள். துரை செடியைக் கொண்டுவந்தார், சரி. குழி தோண்டியது யார், நிழல்மரம் நட்டது யார், பழம் பறித்தது யார் என்று கேட்டால் 'கூலிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இந்த மலையிலேயே இருந்த மலையாளிகள் இருக்கிறார்கள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, சேர்வராயனைக் கும்பிடுகிற மலைவாழ் மக்கள்). கீழே சேரிகளிலிருந்து மூட்டை முடிச்சோடு ஏறிவந்த நாங்களும் இருக்கிறோம். காப்பி வந்தால் கூலியாள் வரணும். கூலியாள் வந்தால் அவனை எழுப்ப ஒரு மணி வரணும். மணியை அடிக்க ஒரு கை வரணும். அந்தக் கையின் சரித்திரத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

தாத்தா மலையேறியது பஞ்சத்தால் அல்ல, பறையால். எங்கள் பூர்வீக ஊர் கீழே சமவெளியில் இருக்கிறது. பேரை எழுதவில்லை, இன்னும் எங்க சொந்தக்காரங்க அங்க குடியிருக்காங்க. கிறிஸ்தவ ஊர். எங்களுது மூன்று தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். ஊர்த்தெருக்காரர்களும் அதே வேதம், அதே பூசை, அதே நற்கருணை. ஆனால் ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் கோயிலில் மணி அடிக்கும், சேரியிலிருந்து பறை போகணும். மணி மேலேயிருந்து அழும், பறை கீழேயிருந்து அழும். பிணம் ஒன்றுதான். சேரியில் சாவு விழுந்தால் பறை மட்டும். சாமியாரின் மனசைப் பொறுத்து எப்போதாவது மணியும் உண்டு.

1956ல் ஒரு பெரிய வீட்டுச் சாவுக்குத் தாத்தா பறையெடுத்துப் போகவில்லை. "நானும் மந்திரம் படிச்சவன். செபமாலை சொல்லிக்கிட்டு பொணத்துக்குப் பின்னால வரேன், மோளம் அடிச்சிக்கிட்டு முன்னால வரமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. பாட்டி அதற்கு முன்பே பிரசவத்தில் செத்து, சேரிக்கென்று ஒதுக்கிய கல்லறையில் கிடந்தாள். பறையைத் தொழுவத்து ஆணியில் மாட்டிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். மஞ்சக்குட்டைக்கு வந்து சேர்ந்ததும் மேஸ்திரி என்ன ஆளு, என்ன தொழில் என்று விசாரித்திருக்கிறான். விசாரித்துவிட்டு, "அப்போ அடிக்கத் தெரிஞ்ச ஆளுதான்" என்று தண்டவாளத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். தாத்தா மறுக்கவில்லை. "இது இரும்புடா, இதுல தோலு இல்ல" என்று எங்களிடம் சொல்வார். அதில் அவருக்கு ஒரு சமாதானம் இருந்தது.

1979 தை மாசம் தாத்தா செத்தார். பாட்டி பக்கத்தில் புதைக்கணும் என்று கேட்டிருந்ததால், காப்பி மூட்டை ஏற்றுகிற லாரியில் உடம்பை வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஊருக்குப் போனோம். எனக்கு ஒன்பது வயசு. அப்பா கோயிலுக்குப் போய் மணி அடிக்கச் சொல்லிக் கேட்டார். கோயில்பிள்ளை வெளியே வந்து, "வார் அறுந்துபோச்சு. நாக்கு கழண்டு கெடக்குது. அடிக்க முடியாது" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். தாத்தா சொல்லியிருந்தபடி எங்க பசங்களும் பறை அடிக்கவில்லை. சத்தமில்லாமல் புதைத்துவிட்டு, சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ராத்திரி படுத்திருந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரிகால செப மணி அடித்தது. மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒன்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ராத்திரியோட ராத்திரியா தச்சிட்டாங்களாட்ட இருக்குது" என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார். நம்பினாரா, நம்புகிறமாதிரி இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ராத்திரியில் மணிக்கு நாக்குக் கட்டமுடியுமா? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் சில வருசத்துக்கு முன்னால் ஒரு பேராலயத்தின் மணிக்கூண்டில் ஏறினேன். எந்தப் பேராலயம் என்று எழுதப்போவதில்லை. என்னை ஏற்றிவிட்ட பெரியவருக்கு இன்னும் அங்கேதான் கஞ்சி. எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். அருந்ததியர். அங்கே மணியடித்தும் மெழுகுவர்த்தி துடைத்தும் வாழ்ந்தவர். "சாமியாரு வெளியூரு போற அன்னிக்கி வாங்க தம்பி, காட்டறேன்" என்று சொல்லியிருந்தார்.

கீழே ஒரு குட்டைக் கதவு. குனிந்துதான் நுழையணும். உள்ளே சுவரைச் சுற்றிக்கொண்டே ஏறுகிற கல்படி, ஓர் ஆள் மட்டும் போகிற அகலம். கோயிலுக்குள் இருக்கிற வெள்ளைப்பூச்சு, தங்கரேக்கு, கண்ணாடி எதுவும் இங்கே இல்லை. பச்சைச் செங்கல், சுண்ணாம்பு, புறா எச்சம், வௌவால் நாத்தம். கொஞ்ச உயரத்துக்கு மேல் கல்படியும் முடிந்து மர ஏணி வந்தது. பெரியவர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார். சுவரில் அங்கங்கே சதுரமாக ஓட்டைகள் இருந்தன. சாரம் கட்டிய கழிகள் நின்ற இடம். அந்தக் கழிமேல் நின்று கல்லையும் சுண்ணாம்பையும் தலைமேல் தூக்கிக் கொடுத்தவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. கோபுரத்தின் உயரம் எத்தனை அடி, எந்த ஆயர் எந்தத் தேதியில் மந்திரித்தார் என்பது மட்டும் இருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தெலங்கானாவில் இருக்கிற மேடக் பேராலயம். 1914ல் தொடங்கி 1924 டிசம்பர் 25ல் அர்ச்சித்தார்கள். கோபுரம் 175 அடி. பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த சனங்களுக்கு வேலை கொடுத்துக் கஞ்சி ஊற்றிக் கட்டியது என்று அந்தக் கோயிலின் கதையே சொல்கிறது. போஸ்நெட் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் அதை முன்னின்று நடத்தினார். அந்தப் பக்கத்துச் சபை பெரும்பாலும் மாலாக்களும் மாதிகாக்களும். பட்டினி கட்டிய கோபுரம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிற கோயில் அது. அங்கேயும் போஸ்நெட்டின் பேர் நிற்கிறது, கஞ்சி குடித்தவன் பேர் நிற்கவில்லை என்பது வேறு விசயம்.

உச்சியில் சாய்ப்பலகை வைத்த சன்னல்கள் நாலு பக்கமும். நடுவில் இரண்டு மரத்தூலத்துக்கு இடையே மணி. நான் சின்னதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. "நானூறு கிலோவுக்கு மேல தம்பி" என்றார் பெரியவர். செம்பு நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு, ஏறக்குறைய அந்தக் கணக்கில் வார்ப்பது மணி உலோகம். வெள்ளீயம் கூடினால் நாதம் கூடும். ஆனால் உலோகம் நொறுங்குகிற குணத்துக்கு வந்துவிடும். அதனால் நாக்கை மணியைவிட மெதுவான இரும்பில் செய்வார்கள். தேய்ந்தால் நாக்கு தேயட்டும், மணி விண்டுபோகக் கூடாது. அந்த நாக்கின் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். அடிபட்ட பக்கம் தட்டையாகிப் பளபளவென்று இருந்தது.

மணியின் தோளைச் சுற்றி லத்தீன் எழுத்து. ஓர் அர்ச்சியசிட்டவளின் பேர், பிரெஞ்சு வார்ப்படக்காரன் பேர், ஞானப்பெற்றோர் இரண்டு பேரின் பேர். ஆமாம், மணிக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய் உண்டு. பழைய முறைப்படி மணியைத் தூக்கி மாட்டுவதற்கு முன்னால் ஆயர் வந்து அதைத் தீர்த்தத்தில் கழுவுவார், துண்டால் துடைப்பார், பேர் வைப்பார். திருச்சபை அதை மந்திரிப்பு என்றுதான் சொல்லும், சனங்கள் ஞானஸ்நானம் என்றே சொன்னார்கள். துட்டுக் கொடுத்த பெரிய வீட்டுக்காரர்கள் ஞானப்பெற்றோர் ஆவார்கள். (தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று நியூசிலாந்தில் இருக்கிறது. முகைதீன் பக்ஸ் கப்பலுடையது என்று அதன் எழுத்து சொல்கிறது. 1836 வாக்கில் ஒரு வெள்ளைக்கார மிஷனரி கண்டெடுத்தபோது, மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். மணிக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.)

அந்த மந்திரிப்பில் என்னை உறுத்துவது எண்ணெய். மணியின் வெளிப்புறத்தில் ஏழு இடத்தில் நோயாளிகளுக்குரிய எண்ணெயால் சிலுவை போடுவார்கள். உட்புறத்தில் நாலு இடத்தில் கிறிஸ்மா தைலம். நோயாளிகளுக்குரிய எண்ணெய் என்றால், சாகக் கிடக்கிறவனின் கண்ணிலும் காதிலும் கையிலும் பூசி அவஸ்தைபூசுதல் கொடுக்கிற அதே எண்ணெய். அந்த எண்ணெய் நம்ம குடிசைக்குள் வருவதற்கு என்ன பாடுபட்டது என்று பார்க்கணும். 1606ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி வேசம் போட்ட நாளிலிருந்து, மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்ச்சாதிக்குப் பண்டாரசாமி என்று ஆகிப்போனது. பறையன் குடிசைக்குள் நுழைந்தால் மேல்சாதிக்காரன் வேதத்தைவிட்டுப் போய்விடுவான் என்று சாகக் கிடந்தவனைத் தூக்கி வெளியே கொண்டுவரச் சொன்ன காலம் உண்டு. பாப்பானவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704ல் ஒரு கட்டளை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது என்பதிலிருந்து பல விதிகள் அதில் உண்டு. பறையர் வீட்டில் நோயாளி இருந்தால் குருக்கள் அந்த வீட்டுக்கே போய்க் கடைசித் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கணும் என்பதும் அதில் ஒன்று. சேசுசபையார் அதை எதிர்த்து நாற்பது வருசம் வழக்காடினார்கள். 1744ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் கடைசியாக உத்தரவு போட்டபோது, சரி, பறையருக்கென்றே தனியாகச் சில குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று முடித்துக்கொண்டார்கள். அதாவது எண்ணெய் வந்தது, தனிப் பாத்திரத்தில் வந்தது. மணிக்கு ஏழு தடவை பூசுவதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

தூர்னோனின் அதே கட்டளையில் இன்னொரு விதியும் உண்டு. வாத்தியம் வாசிக்கிற கிறிஸ்தவர்கள் இந்துக்கோயில் விழாக்களுக்குப் போய் வாசிக்கக் கூடாது. பறை சாமிக்கு முன்னால் போவதில்தான் ரோமாபுரிக்குக் கவலை. பறை பிணத்துக்கு முன்னால் போவதில், ஒரு கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவனுக்கு அடிமை வேலையாக அடிப்பதில், கவலை இல்லை. எங்க தாத்தா 1956ல் சொன்ன வார்த்தையை 1704ல் ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் மணியின் வயிற்றுக்குள் தலையை விட்டு மேலே பார்த்தபோதுதான் அந்த வார் தெரிந்தது. நாக்கை மணியோடு இணைப்பது இரும்புக் கொக்கியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மணியின் உச்சியில் உள்ளே ஒரு இரும்பு வளையம். அதிலிருந்து தோல். இரண்டு விரல் தடிமன், மூன்று மடிப்பாக மடித்துத் தைத்தது. அந்தத் தோலில்தான் பதினைந்து இருபது கிலோ இரும்பு நாக்கு தொங்குகிறது.

"என்ன தோலுங்கய்யா?"

"எருமை. எங்கப்பன் தச்சதுங்க, நான் ஒருக்கா மாத்தினேன். இரும்புக்கு இரும்பு கொடுத்தா அரைச்சிரும், கரகரன்னு சத்தம் வரும், மணிக்கும் அதிர்ச்சி. தோலு கொடுத்தாத்தான் நாக்கு தானா ஆடும்."

ஐரோப்பாவிலும் பழைய மணிகளுக்குத் தோல்வார்தான். பிரான்சிலிருந்து வந்த மணி அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. அங்கே யார் தைத்தார்களோ, இங்கே வார் அறுந்தால் சக்கிலியத் தெருவுக்குத்தான் ஆள் அனுப்பணும். பெரியவரின் அப்பா அப்படிக் கூட்டிவரப்பட்டவர். கோயிலுக்குள் பின்வரிசையில் தரையில் உட்காருகிற ஆள், கோயிலின் உச்சியில் ஏறி மணியின் தொண்டையில் கையை விட்டுத் தைத்திருக்கிறார். ஆயர் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிய மணி. மாட்டுத்தோல் தொட்டவன் என்று யாரை ஒதுக்கினார்களோ, அவன் தைத்த மாட்டுத்தோல் இல்லாமல் அது ஊமை. பறைக்கும் தோல், மணிக்கும் தோல். பறையின் தோல் முகத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிகிறது. மணியின் தோல் உள்ளே இருக்கிறது. தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அங்கேயே நின்று யோசித்தேன்.

பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். வார் அறுந்தால் மறுபடி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

பெரியவர் நேரம் என்ற சொல்லுக்கே சிரித்தார். "நேரமா? தோலு மொதல்ல கெடைக்கணும். ஆவாரம்பட்டையில பதப்படுத்தின நல்ல எருமைத் தோலு, முதுகுப் பக்கம், வயித்துப் பக்கம் ஆகாது. ரெண்டு நாளு ஊறப் போடணும். அப்புறம் கல்லு கட்டி இழுத்து விடணும், இல்லாட்டி மாட்டின பொறவு அது நீளும். ஒரு வெரக்கடை நீண்டுதுன்னா நாக்கு எடம் தப்பி உதட்டுல அடிக்கும். மணி விண்டுபோயிரும். தச்சி, எண்ண போட்டு, காய விட்டு... நாலாளு சேந்து தூக்கி மாட்டணும். ஒரு வாரம் வைங்க."

"ஒரு ராத்திரியில முடியாதா?"

"கூண்டுல வெளக்கே கெடையாது தம்பி. ராத்திரியில எவன் ஏறுவான்?"

நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் காட்டி, "அடிக்காம இருக்கறதுன்னா அது சுளுவு. கயித்தத் தொடாம இருந்தாப் போதும்" என்றார்.

எழுதப்பட்ட சரித்திரத்தில் இந்த இடம்தான் ஓட்டை. கோயிலுக்குள் சுவர் எழுப்பினால் அது கண்ணுக்குத் தெரியும். இடிக்கச் சொல்லிக் கேட்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், நாட்குறிப்பில் எழுதலாம். புதுச்சேரியில் சம்பாக்கோயில் என்று சொல்லப்பட்ட சேசுசபைக் கோயிலில், பறையர்களை மறைத்து ஒரு சுவர் இருந்தது. நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று பறைச்சேரிச் சனங்கள் போய்க் கேட்டதையும், சாமியார்கள் அதை இடிக்கவைத்ததையும், சாதிக்காரர்கள் கொதித்தெழுந்ததையும் 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் கிறிஸ்தவரும் அல்ல, நமக்கு வேண்டியவரும் அல்ல. சுவர் இருந்ததால் எழுதினார். அந்தக் கோயிலை 1761ல் இங்கிலீசுக்காரர்கள் அழித்தார்கள். இப்போது மிஷன் வீதியில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிற பேராலயம் 1791ல் அர்ச்சித்தது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயில் இன்னும் பிரசித்தம். 1872ல் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரித்தே கட்டினார்கள். ஒரு கால் பிள்ளைமார் கூட்டத்துக்கு, ஒரு கால் நாடார்களுக்கு, இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். நடுவிலிருந்த சுவரை 1910ல் இடித்தபோது பிள்ளைமார் ஆயர் பார்த்தே மேல் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். தீர்ப்பு இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். அந்த வழக்கில் பேசிக்கொண்டவர்கள் பிள்ளைமாரும் நாடாரும். நம்ம சனம் அதில் கட்சிக்காரர்கள்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

அடிக்காத மணிக்கு என்ன சாட்சி? எந்தப் பங்குக்கோயில் பதிவேட்டிலும் 'இன்னாருக்கு இன்றைக்குத் துக்கமணி அடிக்கவில்லை' என்று எழுதியிருக்காது. அடக்கப் பதிவில் தாத்தாவின் பேர் இருக்கும், வயசு இருக்கும், தேதி இருக்கும். மணி அடித்ததா என்ற கலமே அதில் கிடையாது. வாய்வழியாக 'வார் அறுந்துபோச்சு' என்ற நாலு அட்சரம், அதுவும் காற்றோடு போனது. இதை எப்படி நிரூபிப்பது? தோலின் கணக்கை வைத்துத்தான் நிரூபிக்க முடிந்தது. ஊறுவதற்கு இரண்டு நாள். அந்தக் கணக்கு எந்த ஆயருக்கும் தெரியாது, எந்தச் சரித்திர ஆசிரியருக்கும் தெரியாது. சக்கிலியத் தெருவுக்குத் தெரியும்.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். எறையூரை நினைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. செபமாலை மாதா கோயில். தலித்துகளுக்குத் தனிக் கல்லறை, தனிப் பாதை, பிணம் கொண்டுபோகத் தனி வண்டி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தங்களுக்கென்று சகாயமாதா பேரில் ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டு, இதைத் தனிப்பங்காக ஆக்கிக்கொடுங்கள் என்று போராடினார்கள். 2008 மார்ச் 9ல் வன்னியக் கிறிஸ்தவர்கள் தலித் தெருவுக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். அது எங்க தாத்தாவைப் புதைத்து இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு. ஒரே மாதாவுக்கு இரண்டு பேர், இரண்டு கோயில், நடுவில் துப்பாக்கி.

நாங்கள் கூண்டிலிருந்து இறங்குவதற்கு முன்னால் பெரியவர் சுவரோரம் இருந்த ஒரு இரும்புப் பெட்டியைக் காட்டினார். மின்சார மோட்டார். மணிக்கு வெளியே ஒரு சுத்தியல், கீழே சாமியார் வீட்டில் சுவிட்ச். நேரத்தைக் குறித்துவைத்துவிட்டால் திரிகால செபத்துக்கு அதுவே அடித்துக்கொள்ளும். இப்போது நாக்கு ஆடுவது பெரிய திருநாளுக்கும் கரண்டு போன நாளுக்கும் மட்டும்தான். "கயிறு நம்ம கைக்கு வந்துச்சி தம்பி. வந்தவுடனே சுச்சி வந்துருச்சி" என்றார். ஊர்க்காரன் எவனும் அந்தச் சம்பளத்துக்கு மணியடிக்க வராததால்தான் கயிறு அவர் கைக்கு வந்தது என்பதையும் அவரே சொன்னார். துக்கமணிக்கு எப்படி என்று கேட்டேன். "அதுக்குத் தனி சுச்சிங்க" என்றார். அதை யார் போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கீழே வந்து கைகழுவியபோது உள்ளங்கையில் கயிற்றின் நார் ஒட்டியிருந்தது. சாயங்காலம் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன். அப்பா உயிரோடு இல்லை. அம்மாவிடம் தோல் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

தாத்தா உடம்பை லாரியில் ஏற்றிய ராத்திரி நான் முன்சீட்டில் தூங்கிப்போயிருந்தேனாம். லாரி கிளம்பும்போது எங்க அத்தை, தாத்தாவின் மூத்த மகள், போய்ப் பலாமரத்தடியில் நின்றிருக்கிறாள். தாத்தா அடிக்கிற இரும்பு முளையை எடுத்துத் தண்டவாளத்தை அடித்திருக்கிறாள். மஸ்டருக்கு அடிக்கிற அடி அல்ல, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடைவெளி விட்டு. லாரி வளைவு திரும்பி விளக்கு மறைகிறவரைக்கும் அடித்தாளாம். விடிந்துவிட்டதென்று நினைத்து மூன்று லைன் சனமும் எழுந்து, இருட்டில் கூடையும் கொங்காணியுமாக வந்து நின்றார்கள்.

மேஸ்திரி எழுதிக்கொடுத்து, அத்தைக்கு அந்த வாரம் அரை நாள் கூலி பிடித்தார்கள்.